பௌர்ணமிக்குத் துலம்பென், அஷ்டமிக்குக் கொமோடோ

ஜூலை 20, தூத்துக்குடி

இந்தோனேசியாவுக்கு ஸ்கூபா டைவிங் போக டிக்கெட் போடுவதற்கு முன்னால் தம்பி அடுப்படிச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான். ஆகஸ்ட் 9 பௌர்ணமி, 16 தேய்பிறை அஷ்டமி, 23 அமாவாசை.

"அக்கா, கொமோடோவ அஷ்டமிக்குத் தள்ளிருவோம்."

அஷ்டமியில் எதையும் ஆரம்பிக்காதிய என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். கடலுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், முறுக்கிக்கொண்டு ஓடும். அஷ்டமியை ஒட்டி அடங்கும். எங்கள் ஊர்க் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கொமோடோ தீவுகள் சும்பாவாவுக்கும் புளோரஸுக்கும் நடுவே கிடக்கின்றன. வடக்கே ஒரு கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல். ஏற்றவற்றத்தின்போது இரண்டு பக்கத்துத் தண்ணீரும் தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துகளில் முண்டியடிக்கும். அங்கே பௌர்ணமிக்குப் போய் முங்குவது, என் அனுபவத்துக்கு, வேண்டாத வீரம். பாலியின் வடகிழக்கிலுள்ள துலம்பெனில் நீவாடு பெரும்பாலும் சாது. ஆகவே பௌர்ணமிக்கு அங்கே இருப்பது, பிறகு பாலிக்குப் பக்கத்துத் தீவான நுசா பெனிடா, அஷ்டமிக்குக் கொமோடோ.

அடுத்தது நைட்ரஜன். அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்தில் இருக்கையில் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்தபின் அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் கேபின் அழுத்தக் குறைவில் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். தொடர்ந்து சில நாள் இறங்கியவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. ஒரு பயண நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய திட்டத்தில் ஒரே வாரத்துக்குள் ஐந்து இடம். அதில் ஒரு நாள், காலையில் இரண்டு டைவ், மாலையில் விமானம். பதில் எழுதக்கூட மனமில்லை.

தம்பிக்குக் கிழக்கு இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளுக்குப் போக ஆசை. அங்கே நல்ல பருவம் அக்டோபருக்கு மேல்தான். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று, கடல் கொந்தளிப்பு. பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். அம்மாவின் ஒரே நிபந்தனை: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முங்காதிய. ஒருத்தராவது மேல இருங்க." தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி என்று அவளிடம் யார் சொல்வது? சரி என்று தலையாட்டினோம்.

ஆகஸ்ட் 7, தென்பசார், துலம்பென்

விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, பாலித் தீவின் சுற்றுலா வரி ஒன்றரை லட்சம். நம் காசுக்கு 2,700 ரூபாயும் 800 ரூபாயும்தான். ஆனாலும் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் லட்சங்களை எண்ணிக் கொடுப்பது வயிற்றைக் கலக்குகிறது. தம்பி ஏடிஎம்மில் முப்பது லட்சம் எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

வடகிழக்குக் கரைக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணம். பாதி வழியில், ஓட்டுநர் தான் வழக்கமாகச் சாப்பிடும் வாருங்கில் நிறுத்தினார். நம்மூர் மெஸ் மாதிரியான சின்னக் கடை. நாசி சம்பூர், 25,000 ரூபியா, அதாவது 135 ரூபாய். நடுவில் சோறு. சுற்றிலும் பொரித்த டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தேங்காய்த்துருவல் சேர்த்த காராமணிக்காய், அரைத்த மீனை எலுமிச்சைப்புல் தண்டில் பிடித்துச் சுட்டது. ஓரத்தில் சம்பல் மத்தா: சின்ன வெங்காயம், ஊசிமிளகாய், எலுமிச்சைப்புல் மூன்றையும் பொடியாக அரிந்து, சூட்டோடு தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்திருந்தார்கள். நான் இரண்டாவது முறை சம்பல் கேட்டதும் கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். அழுவேன் என்று எதிர்பார்த்தார் போல. மூன்றாவது முறை கேட்டபோது எழுந்து போய் உள்ளேயிருந்த மகளைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார்.

ஆகஸ்ட் 8, துலம்பென்

கரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கற்கள், எல்லாம் ஆகுங் எரிமலை துப்பியவை. வெறுங்காலில் நிற்க முடியாது, அத்தனை சூடு. அந்தக் கல் மேல், ரப்பர்ச் செருப்போடு, தலையில் சும்மாடு வைத்து சிலிண்டர் சுமக்கிறார்கள் பெண்கள். காற்று நிரப்பிய சிலிண்டர் ஒன்று பதினைந்து கிலோவுக்கு மேல். சிலர் ஒரே நடையில் இரண்டு கொண்டுபோகிறார்கள். டைவிங் கடைகளெல்லாம் இவர்களுடைய சங்கத்தின் வழியாகத்தான் சாமானை இறக்க வேண்டுமாம். எங்கள் பில்லில் அவர்கள் கூலி தனி வரியாகவே இருந்தது, நல்ல வழக்கம். முதுகில் எதுவுமே இல்லாமல் நான் அலையோரம் தடுமாறியபோது, அம்மா வயதுள்ள ஒருத்தி தலைச்சுமையோடு வந்து என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கரையிலிருந்து கொஞ்சம் நீந்தினாலே கப்பல். லிபர்ட்டி, 1918-இல் கட்டிய அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942 ஜனவரி 11 அன்று ரயில் தளவாடங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு லொம்பொக் நீரிணையைக் கடக்கும்போது ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பாய்ந்தது. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு பாலியின் வடகரையிலுள்ள சிங்கராஜாவுக்குப் போகப் பார்த்தன. தண்ணீர் மிக ஏறிவிட்டதால் இந்தக் கரையிலேயே தரைதட்ட விட்டார்கள். இருபத்தோரு வருடம் மணலில் கிடந்தது. 1963-இல் ஆகுங் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தபோது, அந்த அதிர்வில் கப்பல் உருண்டு கடலுக்குள் இறங்கிவிட்டது.

இப்போது அதன் மேல்விளிம்பு ஐந்து மீட்டர் ஆழத்தில், அடிப்பக்கம் முப்பதில். இரும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மென்பவளமும் கடற்பஞ்சும் விசிறிப் பவளமும் மூடிவிட்டன. பீரங்கி என்று வழிகாட்டி தொட்டுக் காட்டியதை நான் பவளக்கொத்து என்றே நினைத்திருந்தேன். உள்ளே விலாங்கு மாதிரியான அஞ்சாளை ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு எங்களைக் கணக்கெடுத்தது.

பத்து மணிக்கு மேல் தெற்கு பாலியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். இருபது மீட்டர் ஆழத்தில் இடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதை முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, துலம்பென்

அந்தக் கூட்டத்துக்குப் பயந்து விடிகாலையிலேயே இறங்கினோம். இருட்டு முழுதாக விலகியிருக்கவில்லை. இரவெல்லாம் கப்பலுக்குள் தூங்கிய புடைநெற்றிக் கிளிமீன்கள் கிளம்பும் நேரம் அது. ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாது, நெற்றியில் பெரிய முண்டு. பவளத்தைக் கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. தின்ற பவளத்தை மணலாக்கி வெளியே விடுகின்றன. ஒன்று சரியாகத் தம்பியின் தலைக்கு மேல் வந்து விட்டது.

மதியத்துக்கு மேல் டைவ் கிடையாது. இன்று பௌர்ணமி, கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் வழிகாட்டி. இங்கேயும் பௌர்ணமி என்றால் பூசை நாள். ஓர் ஐரோப்பியர் மட்டும், காசு கட்டியாகிவிட்டதே என்று முணுமுணுத்தார். வழிகாட்டி சிரித்தபடி கைகூப்பிவிட்டு, வெள்ளை வேட்டிக்கும் தலைக்கட்டுக்கும் மாறி, பைக்கில் பின்னால் மனைவியையும் அவள் மடியில் பழத்தட்டையும் ஏற்றிக்கொண்டு போயே விட்டார். காலையில் சிலிண்டர் சுமந்த பெண்கள் மாலையில் சரிகைக் கபாயா போட்டு, அதே தலையில் அடுக்குப் பழக்கூடையோடு நடந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். காலையில் என் சிலிண்டரைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 10, அமெட்

காலை டைவ் முடித்து வந்ததும் ஓட்டுநர் ஆர்வமாகச் சொன்னார்: கிந்தமனி போகலாம், எரிமலை ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். கிந்தமனி 1,500 மீட்டர் உயரம். கொடைக்கானல் அளவு இல்லை என்றாலும், கடலிலிருந்து ஏறிய கையோடு மலையேறுவதும் விமானம் ஏறுவதும் நைட்ரஜனுக்கு ஒன்றுதான். அதை அவருக்கு விளக்க முயன்றோம். கை முழுக்கக் குமிழி காட்டினான் தம்பி. அவருக்கு எங்களிடம் பணம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். வாடகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கடலோரமாகவே அமெட் போனோம். தூத்துக்குடிக்காரி உப்பளம் பார்க்கப் போனேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் இவர்கள் உப்பு எடுக்கும் விதம் வேறு. கடல்நீரை மண்ணில் தெளித்துக் காயவிட்டு, அந்த மண்ணைக் கூம்புக் கூடையில் கொட்டி, மறுபடி கடல்நீர் ஊற்றி வடிகட்டுகிறார்கள். வடியும் கெட்டி உப்புநீரை, குடைந்த மரத்தண்டுத் தொட்டிகளில் ஊற்றி வெயிலில் வைக்கிறார்கள். நம் பாத்திகளில் ஏக்கர் கணக்கில் விளைவது இங்கே தொட்டி தொட்டியாக. கல் சின்னது, கரிப்பு இருந்தாலும் கடைசியில் நாக்கில் கசப்பு நிற்கவில்லை. கைக்கடக்கமான ஓலைப்பெட்டி 35,000 ரூபியா. கிட்டத்தட்ட 190 ரூபாய்க்கு நான் உப்பு வாங்கினேன் என்பதை அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

பக்கத்தில் பனைகள் நின்றன. கள் இறக்குகிறவர் மூங்கில் குழாயோடு இறங்கிவந்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார். இறங்கி வெகுநேரமாகியிருக்கும், நன்றாகவே புளித்திருந்தது. இந்தப் பனையின் ஓலையில்தான் இவர்கள் ஏடு எழுதினார்கள், எழுத்தாணியால் கீறி மை தடவி. ஓட்டுநரின் தாத்தா வீட்டிலும் ஒரு கட்டு இருக்கிறதாம். யாருக்கும் படிக்கத் தெரியாது, வருடத்துக்கு ஒருநாள் எடுத்துப் பூசை செய்து வைத்துவிடுகிறார்களாம். எங்கள் பக்கத்திலும் அப்படி வீடுகள் உண்டு.

ஆகஸ்ட் 12, நுசா பெனிடா

நேற்று பாடாங்பாயிலிருந்து படகு. வாந்தி எடுக்காதது தம்பி மட்டும்.

இந்தத் தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, சாலைகள் செங்குத்து, ஸ்கூட்டரில் விழுந்து கையிலும் காலிலும் கட்டுப் போட்ட வெள்ளைக்காரர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இங்கே வந்ததே மோலாவுக்காக. வால் என்று ஒன்றில்லாமல் தலையோடு முடிந்துபோன மாதிரி இருக்கிற, ஆளைவிடப் பெரிய சூரியமீன். ஆழத்தில் திரிவது, ஜூலை முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே இழுத்து வருகையில் கூடவே வரும். பாறையருகே செங்குத்தாக நின்றுகொண்டு, மேலிலுள்ள ஒட்டுண்ணிகளைச் சின்ன மீன்களுக்குத் தின்னக் கொடுக்கும்.

கிரிஸ்டல் பே. படகுகள் நங்கூரம் போட இடமில்லாமல் நின்றன. வழிகாட்டி ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டை, குளிர் தாங்கும் ரப்பர் உடையை, கொடுத்து, மேலே இன்னொன்றும் போடச் சொன்னார். பூமத்திய ரேகைக்கு இத்தனை பக்கத்தில் இது எதற்கு என்று கேட்கவில்லை, நல்லவேளை. பன்னிரண்டு மீட்டர் வரை 26 டிகிரி. அதற்குக் கீழே கண்ணுக்கே தெரிகிறது ஒரு கோடு, தண்ணீர் கலங்கி நெளிகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் 19. மூச்சு ஒரு கணம் நின்றுவிட்டது.

இரண்டாவது டைவில் என் வலது காதின் அடைப்பு விடவே இல்லை. ஆறு மீட்டருக்குக் கீழே இறங்கினால் ஊசி குத்துகிறது. மூக்கைப் பிடித்து ஊதினேன், மேலே ஏறி மறுபடி இறங்கினேன், எச்சில் விழுங்கினேன். உதவியாளர் ஒருவர் என்னோடு மேலே வந்துவிட்டார். தம்பி குழுவோடு போனான். நாற்பது நிமிடம் கழித்துப் படகில் ஏறியவன் ஒன்றும் சொல்லாமல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். அத்தனை நேரம் தலை துவட்டுகிறவன் இல்லை அவன்.

"பாத்தியாலே?"

"பாத்தேன்க்கா. சும்மா ரெண்டு நிமிசந்தான். தூரத்துல."

பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் பெண் தன் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது நிமிடப் படம். கைக்கெட்டும் தூரம்.

தங்கியிருந்த வீட்டு அம்மா என் காதைப் பார்த்துவிட்டு இஞ்சித் தேநீர் கொடுத்தார். ராத்திரிக்கு லெடோக்: மக்காச்சோளம், மரவள்ளி, பயறு, கீரை எல்லாம் போட்ட கஞ்சி. நெல் விளையாத தீவின் சாப்பாடு. இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டவற்றில் இதற்குத்தான் முதலிடம். விலை கேட்டதற்கு, அது விற்கிற சாமானில்லை என்றார்.

ஆகஸ்ட் 13, நுசா பெனிடா

காது திறந்துவிட்டது. மாண்டா பாயிண்ட், தீவின் தெற்கு. செங்குத்துப் பாறைச் சுவர், இந்தியப் பெருங்கடலின் நீண்ட அலை படகைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தண்ணீருக்குள்ளும் அந்த அலை இரண்டு மீட்டர் முன்னே தள்ளி இரண்டு மீட்டர் பின்னே இழுக்கிறது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் வெளிச்சம் மங்கியது. நிமிர்ந்தால் மாண்டா, எங்கள் ஊர்ப் பேச்சில் கொம்புத்திருக்கை. மூன்று மீட்டருக்குக் குறையாத இறக்கை, அசைவே தெரியாத அசைவு. "கல்யாண வீட்டு ஷாமியானாவ அவுத்து விட்ட மாரி இருந்துச்சுக்கா" என்று தம்பி பிறகு சொன்னான். அதன் வயிற்றுப் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். அந்தப் புள்ளிகளைப் படமெடுத்து வைத்துத்தான் இங்கே ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் கொம்புத்திருக்கையைத் துண்டு போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தோனேசியா 2014-இல் தன் கடல் முழுவதிலும் மாண்டா பிடிக்கத் தடை போட்டது.

செல்ஃபிக் கம்போடு ஒருவர் அதைத் துரத்திப் போனார். எங்கள் வழிகாட்டி பின்னாலேயே போய் அவர் துடுப்பைப் பிடித்து இழுத்து, விரலை ஆட்டி, கொண்டுவந்து மணலில் மண்டிபோட வைத்தார். துரத்தியவர் வேறு கடையோடு வந்தவர். மேலே வந்ததும் ஏதும் சண்டை வருமோ என்று பார்த்தேன். அந்த மனிதர் எங்கள் படகுக்கு நீந்திவந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14, சனூர்

ஈரமில்லாத நாள். வெட்சூட் காய்கிறது. நாங்கள் தூங்கினோம்.

ஆகஸ்ட் 15, லபுவான் பாஜோ

கொமோடோவுக்குப் படகு ஏறும் புளோரஸ் ஊரான லபுவான் பாஜோவுக்குக் காலை பதினொரு மணி விமானம். பத்தரைக்குத் தாமதம் என்றார்கள், ஒரு மணிக்கு மறுபடி தாமதம். காரணம் சொல்ல ஆளில்லை. புளோரஸின் கிழக்குக் கோடியில் லெவோதோபி எரிமலை இருக்கிறது. 2024 நவம்பரில் அது வெடித்துக் கக்கிய சாம்பலால் பாலி விமானங்களே ரத்தாயின. கூடத்தில் எல்லோரும் போனில் எரிமலைச் செய்தியைத் தேடிக்கொண்டிருந்தோம். அறிவிப்பெல்லாம் இந்தோனேசிய மொழியில். பக்கத்திலிருந்த, புளோரஸின் மங்கராய் இனத்துப் பாட்டி ஒவ்வொரு அறிவிப்புக்கும் என் தொடையைத் தட்டி, விரல்களால் மணி காட்டிக்கொண்டே வந்தார். மூன்று விரல். அப்புறம் மூன்றரைக்கு ஒரு விரலைப் பாதி மடக்கினார். கடைசியில் பார்த்தால் எரிமலை இல்லை, விமானத்தில்தான் ஏதோ கோளாறாம்.

மேலேறியதும் லொம்பொக் நீரிணை தெரிந்தது. லிபர்ட்டி அடிபட்ட இடம். பசிபிக்கின் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்கும் முக்கியமான வழிகளில் ஒன்று இதுதான். பெனிடாவின் நீவாடு இதில் பிறந்தது. 1856-இல் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ் பாலியிலிருந்து லொம்பொக் வந்தபோது, இந்தச் சிறிய இடைவெளியில் பறவைகளே மாறிவிடுவதைக் கவனித்தார். ஆசியப் பறவைகள் குறைந்து, கொண்டைக்கிளிகள் தொடங்குகின்றன. பாட்டி எனக்கு வறுத்த வேர்க்கடலை கொடுத்தார். கடலை நம்மூர்க் கடலைதான்.

ஆகஸ்ட் 16, கொமோடோ

முதல் நாள், கொஞ்சம் பழகிக்கொள்ள சியாபாவின் ஆமைகள், மதியம் மக்காசார் திட்டில் மாண்டா. எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் பெனிடாவுக்குப் பிறகு 28 டிகிரித் தண்ணீர்தான் பெரிய சந்தோஷம். மஞ்சளும் புளியும் போட்ட மீன் ரசம் படகில் கிடைத்தது, இக்கான் குவா அசாம். அம்மா வைப்பதில் மிளகு கூடுதலாக இருக்கும். ஊரில் இன்று கோகுலாஷ்டமி, முறுக்குப் படம் அனுப்பியிருந்தாள்.

ஆகஸ்ட் 17, கொமோடோ

இந்தோனேசியாவின் 80-ஆவது சுதந்திர தினம், அதோடு ஞாயிறு. புளோரஸில் கத்தோலிக்கர் அதிகம். பூசை, கொடியேற்றம் இரண்டும் முடிந்து படகுக்காரர்கள் வரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. யாரும் அவசரப்படவில்லை, நாங்களும்.

இன்றைய டைவ் இடத்தின் பெயர் பத்து போலோங். கடலில் இருந்து ஒரு வீட்டளவு பாறை மட்டும் தலைநீட்டுகிறது. கீழே செங்குத்தாக இறங்குகிறது. நீவாடு பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடும். அதன் மறைவுப் பக்கத்தில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நீந்தி மேலேற வேண்டும். இரண்டு ஓரத்தில் எதையும் தாண்டக் கூடாது, தாண்டினால் கீழ்நோக்கி இழுக்கும். ஓரத்திலுள்ள சின்ன மீன்கள் எந்தப் பக்கம் தலைவைத்து நிற்கின்றன என்று பாருங்கள் என்றார் வழிகாட்டி. பார்த்தோம். தலையை மேலே காட்டி நின்ற இடத்திலிருந்து ஒதுங்கினோம். அந்த மறைவுக்குள் அப்படியொரு நெரிசல்: பவளத்தில் ஒரு விரல்கடை இடம் காலியில்லை.

மாலையில் ஊருக்குள் வழுக்குமரம். நம் உறியடித் திருவிழாவில் பார்ப்பதேதான். கமுகு மரத்தில் கிரீஸ் தடவி, உச்சியில் வளையம் கட்டி, அதில் வாளி, குடை, சட்டை, அரிசிப் பை. பையன்கள் தோள்மேல் தோளாக ஏறிச் சரிந்து விழுகிறார்கள். கூட்டத்தோடு சேர்ந்து தம்பியும் கத்தினான். உடனே இழுத்து உள்ளே விட்டுவிட்டார்கள். அடிவரிசையில் நின்று மூன்று பேரைச் சுமந்தான். அவனுக்குப் பரிசாக வந்தது ஒரு பிளாஸ்டிக் சோப்புப்பெட்டி. அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை அங்கேயே குப்பையில் போட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 18, காசில் ராக்

இதற்காகத்தான் காலண்டரைக் கழற்றியது. வடக்கே திறந்த கடலில், மேலே எந்த அடையாளமும் இல்லாமல், நீருக்குள் மறைந்து நிற்கிற மேடு. படகிலிருந்து குதித்ததும் மிதக்கக் கூடாது. காற்றையெல்லாம் முன்பே விட்டுவிட்டுத் தலைகீழாக இறங்க வேண்டும். மேலே ஒரு நிமிடம் தங்கினால் நீவாடு மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். ஆளுக்கொரு கொக்கி கொடுத்தார்கள். ஒன்றரை மீட்டர்க் கயிறு, ஒரு முனை நம் இடுப்பில், மறுமுனையைச் செத்த பாறையில் மாட்டிவிட்டு அப்படியே காற்றாடிபோல் நிற்க வேண்டியது. உயிருள்ள பவளத்தில் மாட்டினால் அன்றைய டைவ் அத்தோடு முடிந்தது என்று எச்சரித்திருந்தார்கள்.

மாட்டினேன். மாஸ்க் முகத்தில் துடித்தது. பக்கவாட்டில் திரும்பினால் கழன்றுவிடும்போல் இருந்தது, ஆகவே நேராக மட்டும் பார்த்தேன். நேரே பாரை மீன்கள். ஊரில் தலையில்லாமல் பார்த்தே பழகிய பாரை. இங்கே என் நெஞ்சளவு நீளத்தில், நீவாட்டை மதிக்காமல், நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் சின்ன மீன் கூட்டத்துக்குள் பாய்ந்தன. அந்தக் கூட்டம் கிழிந்து மூடியது. சத்தம் வந்தது, நிஜமாகவே, நீரைக் கிழிக்கிற ஓர் அதிர்வு முதுகெலும்பில் இறங்கியது. கீழே வெள்ளைநுனிச் சுறாக்கள் மெதுவாக, தம் முறைக்குக் காத்திருக்கிற ஆட்களாக, வட்டம் போட்டன. தம்பி என் வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தான். அவன் குமிழிகள் மேலே போகவில்லை, எனக்குப் பின்னால் கிடைமட்டமாகப் போயின.

சிலிண்டரில் மிச்சக் காற்றின் அழுத்தம் 100 பார் காட்டியபோது கொக்கியைக் கழற்றச் சைகை வந்தது. கழற்றியதும் மேடு காணாமல் போயிற்று. நைட்ரஜன் வெளியேற, நீலத்தில் மிதந்தபடி ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம். மிதவைக் குழாயை மேலே விட்டோம், படகு எங்களைத் தேடிவந்தது. "நல்ல வாரத்தில் வந்தீர்கள், போன வாரம் இங்கே இறங்கவே இல்லை" என்றார் வழிகாட்டி. தம்பி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. இந்தக் கதையை இன்னும் பத்து வருடத்துக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 19, ரிஞ்சா, லபுவான் பாஜோ

நாளை விமானம், இன்று உலர்ந்த நாள். கொமோடோ உடும்பு பார்க்க ரிஞ்சா போனோம். வனக்காவலர் கையில் கவட்டைக் கம்பு மட்டும். கிளம்பும் முன், பெண்களில் யாருக்காவது மாதவிலக்கா என்று எல்லார் முன்னிலும் உரக்கக் கேட்டார். உடும்பு நாக்கை நீட்டியே ரத்த வாடை பிடித்துவிடும் என்பதால் கேட்கிறார்கள். காரணம் புரிகிறது, கேட்கிற விதத்தை மாற்றலாம். ஆஸ்திரேலியக் கிழவி ஒருவர், "எனக்கு நின்று இருபது வருடமாகிறது, போகலாமா?" என்று அதே உரத்த குரலில் கேட்டு எல்லோரையும் காப்பாற்றினார்.

இது இணைசேரும் காலமாம், பெரிய ஆண்கள் காட்டுக்குள் போய்விட்டன. நிழலில் ஒன்று கிடந்தது, இரண்டரை மீட்டர் இருக்கும், செத்ததுபோல. குட்டிகள் முதல் சில வருடம் மரத்தின் மேல்தான் வாழும், கீழே வந்தால் பெரியவை தின்றுவிடும் என்றார் காவலர். இந்தத் தீவுகளிலும் புளோரஸிலும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத பிராணி. இருபது நிமிடம் நின்றோம். அது ஒரு கண்ணை மூடித் திறந்தது. நேற்றைய நாளுக்குப் பிறகு அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவும் தோன்றவில்லை.

ராத்திரி கம்புங் உஜுங் மீன் கடைத்தெரு. ஐஸில் அடுக்கிய மீனைக் கை காட்டினால் சுட்டுத் தருவார்கள். விளைமீன் மாதிரி இருந்த ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் சொன்னாள் கடைக்காரி. தம்பி போனில் தூத்துக்குடி விலையைப் போட்டு ரூபியாவாக மாற்றிக் காட்டினான். அவள் கால்குலேட்டரை வாங்கித் தானே ஒருமுறை தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பத்தாயிரம் குறைத்தாள். சாப்பிட்டு முடித்துப் பில் வந்தபோது வள்ளைக்கீரை வதக்கலுக்குப் பத்தாயிரம் கூடியிருந்தது. தம்பி வாயைத் திறக்கப் போனான், நான் அவன் காலை மிதித்தேன். கீரை நன்றாகத்தான் இருந்தது.